எட்டாம் வகுப்பின் கேள்விகள்

காரைக்கால்
24 ஜூன் 2024

அன்பு பஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். மாமிக்கு மட்டும் முட்டி வலி வழக்கம்போல வந்து போகிறது. மகள் ஸுமையா பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். இப்போதே பரீட்சைக்காரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரிகிறாள். என் வீட்டுக்காரர், உன் நானா, ஷார்ஜாவிலிருந்து தினமும் பேசுகிறார். கூட்டாளியோடு போடுகிற புதுக்கடையை டிசம்பரில் திறந்துவிடுவார்களாம். உன் சளி விட்டதா? பெங்களூரில் நல்ல மழை என்று செய்தியில் பார்த்தேன்.

கையில் போன் இருக்க, மச்சி ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால், போன் கூடத்தில் எல்லோர் கைக்கும் போய் என்னிடம் வருவதற்குள் உனக்கு வேலை வந்துவிடுகிறது. இது நிதானமாகக் கேட்க வேண்டிய விஷயம். வகுப்பில் செல் பாடம் நடத்தும்போது, என் நாத்தனார் ஆய்வகத்தில் மனித செல்லை வளர்க்கிறாள் என்று பெருமைக்குச் சொல்லிவிட்டேன். எட்டாம் வகுப்பு பிடித்துக்கொண்டது. திருவேட்டக்குடியிலிருந்து வரும் மாரிக்கண்ணு என்கிற பெண் எழுந்து, "டீச்சர், அதுக்கு என்ன சாப்பாடு போடுவாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

நீயே பதில் எழுது, வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன். பள்ளி முகவரிக்கே அனுப்பு. வீட்டுக்கு வந்தால் மாமி பத்திரப்படுத்துகிறேன் என்று எங்காவது வைத்துவிடுவார்கள்.

துஆவுடன்,
நௌஷின்

*

பெங்களூரு
6 ஜூலை 2024

பிரியமுள்ள மச்சிக்கு,

வ அலைக்கும் ஸலாம். சளி போய்விட்டது. உம்மாவுக்கு முட்டியில் தைலம் தேய்க்க ஆள் இருக்கிறதா, இல்லை நீங்களேதான் தேய்க்கிறீர்களா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். உம்மாவைப் பொறுத்தவரை நான் சுகர் டெஸ்ட் எடுக்கிறவள். போன முறை வந்தபோது தெருவில் ஒரு அம்மா கையை நீட்டி, "கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா" என்றே கேட்டுவிட்டார். நம் வீட்டில் என் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

மாரிக்கண்ணுவுக்குச் சொல்லுங்கள்: சாப்பாடு, ரோஜா சர்பத்தில் தண்ணீர் அதிகமாகிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு திரவம். சர்க்கரை, உப்பு, புரதத் துணுக்குகள், வைட்டமின் எல்லாம் அதில் இருக்கும். செல்கள் சாப்பிட்டுக் கழிவு விட்டால் ரோஜா நிறம் மஞ்சளாகிவிடும். உடனே மாற்ற வேண்டும். ஒரு வேளை தப்பினாலும் செத்துப்போகும்.

நாங்கள் தொடங்குவது குருத்தணுவிலிருந்து. பிரசவமான தாய்மார் சம்மதித்துக் கொடுக்கும் தொப்புள்கொடி ரத்தத்தில் அது கிடைக்கும். இன்னும் எதுவாகவும் ஆகாத செல் அது. சிவப்பணுவாகவும் ஆகலாம், வெள்ளணுவாகவும் ஆகலாம். நாங்கள் அதை டி செல் என்கிற நோய் எதிர்ப்பு அணுவாக வளர்க்கப் பார்க்கிறோம். உடம்பில் இது நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பியில் நடக்கிறது. அதைப் போல ஒரு இடத்தை நாங்கள் கிண்ணத்தில் அமைக்கிறோம். குருத்தணு டி செல்லாக ஆறேழு வாரம் ஆகும். அதுவரை எனக்கு ஊருக்கு வர லீவு கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸுமையாவுக்கு முத்தம்.

உங்கள்
பஹீமா

*

காரைக்கால்
22 ஜூலை 2024

அன்பு பஹீமா,

ஸலாம். உன் கடிதம் கிடைத்த அன்றே வகுப்பில் வாசித்தேன். சர்பத் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. மாமிக்கு முட்டி தேவலை. நானும் சுகம். நடுவில் இரண்டு நாள் ஆசிரியர் பயிற்சி முகாமுக்குப் புதுச்சேரி போய்வந்தேன். அதனால்தான் பதில் தாமதம்.

பிள்ளைகள் அடுத்த கேள்வியை வைத்திருக்கிறார்கள். யாரோடு சண்டை போட வேண்டும் என்று இந்த டி செல்லுக்கு எப்படித் தெரியும்? கிருமி என்றால் வெளியிலிருந்து வருகிறது, சரி. புற்றுநோய் நம் சொந்தச் செல்தானே? அது வளர்வதைப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டு இவை ஏன் சும்மா இருக்கின்றன? விவரமாக எழுது. சுருக்க வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. உன் செல்லுக்கு மட்டும் ஊட்டிக்கொண்டிருக்காதே.

துஆவுடன்,
நௌஷின்

*

பெங்களூரு
9 ஆகஸ்டு 2024

பிரியமுள்ள மச்சிக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், சத்தியம் கேட்காதீர்கள்.

எட்டாம் வகுப்பு இவ்வளவு கெட்டியான கேள்வி கேட்கிறதா? எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட இதைக் கேட்கவில்லை.

டி செல்கள் தைமஸில் இருக்கும்போதே நம் உடம்பின் செல்களை அவற்றிடம் காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தச் செல்லைப் பார்த்துப் பாய்கிறவற்றை உடம்பு அங்கேயே அழித்துவிடும். பாயாதவை மட்டும் ரத்தத்துக்கு வரும். அதனால்தான் நம் ரத்தம் நம்மையே தின்னாமல் இருக்கிறது. புற்றுக்கு இது வசதியாகிவிட்டது. அது நம் முகத்தோடேயே உட்கார்ந்திருப்பதால் காவல்காரன் விட்டுவிடுகிறான்.

நாங்கள் வளர்க்கும் டி செல்லில் ஒரு கூடுதல் அடையாளங்காட்டியைப் பொருத்துகிறோம். நிணநீர்க் கட்டிகளில் வரும் புற்றின்மேல் இருக்கும் ஒரு குறியை அது பிடித்துக்கொள்ள வேண்டும். நினைத்தபடி வந்தால், இந்தச் செல்லை உறைய வைத்துத் தயாராக வைத்திருக்கலாம். தேவைப்படுகிறவருக்கு ரத்தம் ஏற்றுவது போல ஏற்றலாம். கீமோ மாதிரி உடம்பு முழுவதையும் போட்டு அடிக்காது. முடிகூடக் கொட்டாமல் இருக்கலாம். என் வாழ்நாளில் இதைப் பார்த்துவிடுவேன் என்றுதான் நம்புகிறேன்.

புதிய தொகுதி நேற்று தொடங்கியிருக்கிறது. துஆ செய்யுங்கள்.

உங்கள்
பஹீமா

*

காரைக்கால்
17 ஆகஸ்டு 2024

அன்பு பஹீமா,

ஸலாம். உன் கடிதம் வந்த நாளிலிருந்து மனசு லேசாக இருக்கிறது. எல்லோரும் சுகம். "இந்த வெயில்ல துப்பட்டாவ ஏன் இப்படிக் கழுத்தோட சுத்திக்கிற?" என்று மாமி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பள்ளியில் மின்விசிறிக் காற்று சேரவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்விதான். இந்தத் தொகுதி எப்போது தயாராகும்? அக்டோபருக்குள் முடியுமா? மாரிக்கண்ணு கேட்கிறாள்.

முடி கொட்டாது என்று எழுதியிருந்தாயே, அது உறுதிதானா?

ஒவ்வொரு தொழுகையிலும் உன் கிண்ணத்துக்காகக் கேட்கிறேன்.

நௌஷின்

*

பெங்களூரு
27 செப்டம்பர் 2024

பிரியமுள்ள மச்சிக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கையில் நல்ல செய்தியோடு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு நாள் அந்தச் செய்தி கையில் இருந்தது. மறுநாள் இல்லை.

செல்கள் தயாராயின. புற்றுச் செல்கள் இருந்த கிண்ணத்தில் விட்டோம். மறுநாள் காலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் புற்றுச் செல்கள் உடைந்து கிடந்தன. என்னோடு வேலை செய்யும் சஃபியுல்லா வெளியே ஓடிப்போய் எல்லோருக்கும் டீ வாங்கிவந்துவிட்டார்.

அடுத்து, நல்ல செல்கள் இருக்கும் கிண்ணத்திலும் விட்டுப் பார்க்க வேண்டும். அதுதான் விதி. விட்டோம். அவற்றையும் கொன்றிருந்தன. ஆள் பார்க்காமல், எதிரில் கிடைத்ததையெல்லாம். எங்கள் போலித் தைமஸில் வளர்ந்தவை வேலையைக் கற்றுக்கொண்டன, நம்மவர் யார் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

எல்லாவற்றின்மேலும் ப்ளீச் ஊற்றி நானே அழித்தேன். மறுபடி முதலிலிருந்து. பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அறிவியலில் இதுவும் ஒரு பாடம்தான் என்று. எனக்கே அது இன்னும் பாடமாகத் தெரியவில்லை என்பதைச் சொல்ல வேண்டாம்.

நானா கடை எந்த அளவில் இருக்கிறது? உம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள்
பஹீமா

*

காரைக்கால்
21 அக்டோபர் 2024

அன்பு பஹீமா,

ஸலாம். உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. பள்ளியில் வேலை. மாமியும் ஸுமையாவும் சுகம்.

நீ பட்ட கஷ்டம் வீணாகிப்போனதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் அழித்தாய்? கொஞ்சமாவது எடுத்து வைத்திருக்கலாமே. புற்றைக் கொன்றது அல்லவா? கூடவே நல்ல செல் கொஞ்சம் போனால்தான் என்ன, உடம்பு மறுபடி செய்துகொள்ளாதா?

மாரிக்கண்ணு ஒன்று கேட்கிறாள். கழுத்தில் கட்டி வந்த ஒருவர், எலிக்கெல்லாம் கொடுத்துப் பார்க்கும்வரை காத்திருக்க முடியாது, எனக்கே நேரடியாகக் கொடுங்கள், என்ன ஆனாலும் என் பொறுப்பு என்று சம்மதக் கையெழுத்துப் போட்டால், உங்கள் ஆய்வகத்தில் கொடுப்பார்களா?

சீக்கிரம் பதில் எழுது.

நௌஷின்

*

பெங்களூரு
24 அக்டோபர் 2024

மச்சிக்கு,

ஸலாம். நீங்கள் நலமா? இந்த முறை சும்மா கேட்கவில்லை.

மாரிக்கண்ணுவுக்கு இதில் பதில் இல்லை. சம்மதக் கையெழுத்தைப் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளை யாரும் கேட்காது. உங்கள் கடிதங்களை எடுத்து மறுபடி வாசித்தேன். புதுச்சேரிப் பயிற்சி முகாம், வெயிலில் சுற்றிய துப்பட்டா, அக்டோபருக்குள் முடியுமா என்ற கேள்வி. கட்டி உங்கள் கழுத்தில்தானே இருக்கிறது மச்சி?

நான் தப்பாக இருந்தால் திட்டி எழுதுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். சரியாக இருந்தால், நான் சொல்லப்போவதைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசியுங்கள்.

நான் வளர்ப்பது உங்களுக்கு ஆகாது. இந்த வருடம் ஆகாது, அடுத்த வருடமும் ஆகாது. இதுவரை ஒரு எலிக்குக்கூட அதைக் கொடுக்கவில்லை. ஆள் தெரியாமல் கொல்லும் ஒன்றை உங்கள் ரத்தத்தில் விட நான் சம்மதிக்க மாட்டேன், நீங்கள் நூறு கையெழுத்துப் போட்டாலும். முடி கொட்டாது என்று நான் எழுதியது என்றைக்கோ வரப்போகும் ஒன்றைப் பற்றி. அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நிணநீர்ப் புற்றில் பல வகை உண்டு. எது என்று உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான் தெரியும். பலவற்றுக்கு இன்றைக்கே நல்ல மருந்து இருக்கிறது. பழைய மருந்துதான். முடி கொட்டும், வாந்தி வரும், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் ஆட்களைப் பிழைக்க வைத்திருக்கிறது. என் கிண்ணத்துக்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

போனில் கூப்பிட்டால் கூடத்தில் நின்றுகொண்டு "சுகம்தான்" என்பீர்கள். அதனால் கூப்பிடவில்லை. திங்கள்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குகிறேன். வீட்டுக்கு அல்ல, நேரே பள்ளிக்கு வருவேன். ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

பஹீமா

*

காரைக்கால்
20 நவம்பர் 2024

அன்பு பஹீமா,

ஸலாம். இப்போது தினமும் போனில் பேசிக்கொள்கிறோம் என்றாலும், நீ போன பிறகு நடந்ததை எழுதத்தான் தோன்றுகிறது. முதல் கீமோ ஏற்றியாகிவிட்டது. உடம்பு, நேற்றைவிட இன்று பரவாயில்லை.

பள்ளி வாசலில் உன்னைப் பார்த்ததும் நீ அழுவாய், நானும் அழுதுவிடலாம் என்று நினைத்தேன். நீ, "ரிப்போர்ட்டக் குடுங்க மச்சி" என்று கையை நீட்டினாய். அங்கேயே வேப்பமரத்தடியில் நின்று வாசித்தாய். "ஹாட்ஜ்கின். இது கேக்குற வகை மச்சி, மருந்துக்குக் கேக்கும்" என்றாய். டாக்டர் ஜூலையிலேயே இதைத்தான் சொன்னார். அவர் சொன்னபோது என் காதில் கீமோ என்ற சொல் மட்டும்தான் விழுந்தது.

ஸுமையாவின் பரீட்சை முடியட்டும், உன் நானா கடையைத் திறக்கட்டும், யாருக்கும் தெரியாமல் ஒரு ஊசியில் போய்விடாதா என்று நினைத்தேன். அவருக்குத் தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவார் என்று பயம்.

நீ ரயிலேறிய அன்று சாயங்காலமே அவரிடம் சொன்னேன்.

"யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தாங்க."

"எப்போலேர்ந்து?"

"மே மாசத்துலேர்ந்து."

"தினம் போன் பண்ணி சாப்பிட்டியான்னு கேட்டேனே நௌஷின். அதத் தவிர வேற ஒண்ணும் கேக்காம இருந்துட்டேனே" என்றார்.

உடனே டிக்கெட் போடுகிறேன் என்றார். "இப்ப வேணாங்க. கடைசி ரெண்டு மாசந்தான் உடம்பு ரொம்ப அசந்துபோவும்னு டாக்டர் சொன்னாரு, அப்ப வாங்க" என்றேன். "இன்னமும் எனக்கு நீதான் லீவு போட்டுக் குடுக்குறியா?" என்று கேட்டுவிட்டு அழுதார். பிறகு அப்படியே ஒத்துக்கொண்டார்.

மாமியிடம் சொல்லத்தான் அதிகம் பயந்தேன். ஸுமையாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னேன். மாமி முதலில், "தொத்துமா?" என்று கேட்டார்கள்.

"தொத்தாது மாமி."

"அப்ப ஏன் ஒளிச்ச?"

துப்பட்டாவை அவிழ்த்துக் கழுத்தைக் காட்டினேன். மாமி தொட்டுப் பார்த்துவிட்டு, "புதுச்சேரிக்குத் தனியாவா போன?" என்றார்கள்.

"ஆமா மாமி."

"அங்க மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் சாப்புடல."

அதற்குத்தான் மாமி அழுதார்கள். நோய்க்கு அழவில்லை. பட்டினியாக பஸ் ஏறி வந்தேன் என்பதற்கு அழுதார்கள். முதல் கீமோவுக்கு முட்டி வலியோடு சாப்பாட்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரருக்கும் சேர்த்துப் பரிமாறினார்கள். ஸுமையா என் மாத்திரைகளின் பெயரை எல்லாம் பாடம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள்.

உன் வேலையைக் கவனி. என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்காதே.

துஆவுடன்,
நௌஷின்

*

பெங்களூரு
8 பிப்ரவரி 2025

பிரியமுள்ள மச்சிக்கு,

வ அலைக்கும் ஸலாம். வாய்ப்புண் ஆறியதா? மோரும் குழைந்த சோறும் இறங்குகிறது என்று உம்மா சொன்னார்கள். போனில் உங்கள் குரல் மெலிந்துதான் இருந்தது, ஆனாலும் ஸுமையாவை அதட்டும் அளவுக்குத் தெம்பு இருந்ததைக் கேட்டுக்கொண்டேன்.

உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஸுமையா அனுப்பிவைக்கிறாள். ஒவ்வொரு முறை மருந்து ஏறியதும் உங்கள் வெள்ளணுக்கள் சரிகின்றன. பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த மருந்துக்குள் திரும்ப ஏறிவிடுகின்றன. அதைச் செய்வது யார் தெரியுமா? உங்கள் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் குருத்தணுக்கள். அடி வாங்குகின்றன, எழுந்து மறுபடி வேலையைத் தொடங்குகின்றன. அவற்றுக்கு நான் சர்பத் ஊற்றவில்லை, சூடு பார்த்து வைக்கவில்லை. எங்கள் ஆய்வகம் முழுவதும் சேர்ந்து திணறும் ஒரு காரியத்தை நீங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டே செய்கிறீர்கள்.

நடுவில் எடுத்த ஸ்கேனில் கட்டிகள் பெரும்பாலும் கரைந்துவிட்டன என்று கேட்ட அன்று நான் வேலை பார்க்கவில்லை. சஃபியுல்லாதான் என் கிண்ணங்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு மாற்றினார்.

என் பக்கத்துச் செய்தியும் உண்டு. போலித் தைமஸை மாற்றி அமைத்தோம். நம்மவர் யார் என்று காட்டும் செல்களை அதில் சேர்த்தோம். வளர்ந்து வந்தவை புற்றைக் கொன்றன. நல்ல செல்களில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டன. எல்லாவற்றையும் அல்ல, பெரும்பாலானவற்றை. இந்த முறை டீ வாங்க யாரும் ஓடவில்லை. மறுபடி செய்து பார்த்தோம், அதே முடிவு வந்தது. பிறகுதான் டீ குடித்தோம். எலிகளுக்குக் கொடுக்க அனுமதி கேட்டிருக்கிறோம்.

ரமலான் நோன்பு பிடிக்க முடியாதே என்று இப்போதே வருந்துகிறீர்களாம். உடம்பு தேறியபின் பிடித்துக்கொள்ளலாம் மச்சி.

உங்கள்
பஹீமா

*

காரைக்கால்
1 ஜூன் 2025

அன்பு பஹீமா,

ஸலாம். நான் சுகம். இந்தச் சொல்லை இத்தனை நாள் எத்தனையோ கடிதத்தில் எழுதிவிட்டேன், இன்றைக்குத்தான் கை கூசாமல் எழுதுகிறேன்.

போனில் நான் அழுததில் உனக்குப் பாதி புரிந்திருக்காது. முழுவதையும் சொல்கிறேன். உன் நானா ஏப்ரலில் வந்தவர் இன்னும் திரும்பவில்லை. கடைசி ஸ்கேன் முடிவைப் பார்க்க இரண்டு பேருமாகப் போயிருந்தோம். டாக்டர் படத்தை மேலும் கீழும் நகர்த்தி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "ஒண்ணும் தெரியல" என்றார்.

உன் நானாவின் முகம் வெளுத்துவிட்டது. "தெரியலைன்னா எப்படிங்க டாக்டர்? மறுபடி ஒரு தரம் எடுத்துப் பாருங்க. மெஷின் சரியில்லைன்னா வேற எடத்துல எடுத்துட்டு வர்றோம்."

"எதுக்கு எடுக்கணும்?"

"நீங்கதானே ஒண்ணும் தெரியலைங்கிறீங்க."

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "கட்டி தெரியலைங்க. இருந்தாத்தானே தெரியும்?"

உன் நானா நாற்காலியில் அப்படியே சாய்ந்துகொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இன்னும் சில வருடம் அடிக்கடி வந்து காட்ட வேண்டும், முதல் இரண்டு வருடம் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் நான்தான் கேட்டுக்கொண்டேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

வெளியே வராந்தாவில் நின்று மாமிக்குப் போன் போட்டார். "உம்மா, ஒண்ணும் இல்லையாம்" என்றார்.

மறுமுனையிலிருந்து மாமி வராந்தா முழுவதும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டார்கள்.

"ஒண்ணும் இல்லாததுக்கா எம் மருமவள இத்தன மாசம் இந்தப் பாடு படுத்துனானுவ? டாக்டர்ட்ட போனக் குடு, நான் கேக்குறேன்."

இது போன மாதக் கடைசியில். நாளைக்கு நான் பள்ளிக்குப் போகிறேன். பக்ரீதுக்கு நீ வந்துவிடு, அனுமதி கிடைத்து வந்திருக்கும் எலிகளை சஃபியுல்லா பார்த்துக்கொள்ளட்டும். மாமி இப்போதே உன் பெயரைச் சொல்லி மசாலா அரைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அன்போடும் துஆவோடும்,
நௌஷின்